முறை வைத்த நீரும் முறை கிடைக்காத கைகளும்

கடலில் பிறந்து, கழியில் வளர்ந்து, மீண்டும் கடலுக்கே திரும்பும் உயிர் வெள்ளை இறால். கரையைவிட்டு விலகிய கடற்பரப்பில் தாய் இறால் இடும் முட்டைகளிலிருந்து வெளிவரும் குஞ்சுகள், ஓதம் ஏறும்போது அந்த நீரோடு முகத்துவாரத்தின் வழியே உப்பங்கழிக்குள் நுழைந்து, அங்குள்ள சேற்றிலும் நீர்ப்பூண்டுகளின் இடையிலும் சில மாதங்கள் இரை தின்று வளர்ந்து, முழுப் பருவம் எய்துமுன் வற்றும் நீரோடு கடலுக்குப் புறப்படுகின்றன. மடவையும் கொடுவாவும் கல் நண்டும் இனப்பெருக்கத்துக்காகக் கடலை நாடிச் செல்வதும், அவற்றின் குஞ்சுகள் கழியைத் தேடி வருவதும் இதே வாயின் வழியாகத்தான். ஆகவே, பழவேற்காடு ஏரியின் மீன்வளம் என்பது அணைக்கட்டில் தேங்கிய நீரைப் போல ஓரிடத்தில் நிற்கும் சொத்தாக இராமல், ஒரு குறுகிய வாசலின் ஊடே நாள்தோறும் நிகழும் போக்குவரத்தாக இருக்கிறது. அந்தப் போக்குவரத்தை யார், எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதைக்கொண்டு மறித்துப் பிடிப்பது என்பதே அவ்வேரியைச் சுற்றி வாழும் மக்களின் பிழைப்புக்கும் வழக்காறுகளுக்கும் பூசல்களுக்கும் மூலமாக இருந்துவருகிறது.

ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு, ஆந்திரப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலுமாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. வங்கக் கடலையும் ஏரியையும் பிரித்து நிற்பது ஸ்ரீஹரிகோட்டா என்னும் நெடிய மணல் தீவு. தெற்கே ஆரணி ஆறும் வடக்கே காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் மழைக்காலத்தில் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. தமிழ்நாட்டுப் பகுதியில் 153.67 சதுர கிலோமீட்டர் பரப்பு 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன்பின், பழவேற்காட்டைக் காப்பது என்றாலே பொதுமக்களின் மனத்தில் பூநாரைகளைக் காப்பது என்ற பொருள் நிலைத்துவிட்டது. பறவைகளைக் காப்பது தேவைதான். எனினும், அந்தப் பறவைகளுக்கும் மக்களுக்கும் ஒருசேர உணவளிக்கும் நீரில் பாதுகாப்பு என்பது முதலில் பங்கீட்டைப் பற்றிய கேள்வி என்பதையும், அந்தப் பங்கீட்டில் இருளர் பழங்குடியினருக்கு இன்றுவரை இடம் வைக்கப்படவில்லை என்பதையும், அந்த இடத்தை வைக்காமல் பழங்குடிகளும் மீனவர்களும் கூடி ஏரியைக் காக்க வேண்டும் என்று பேசுவது வெறும் உபதேசமாகவே முடியும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாடு என்னும் ஏற்பாடு

மீனவர் வழக்கில் ‘பாடு’ என்பது பல பொருள் தரும் சொல். கடலில் மீன் கிடைப்பதை ‘மீன்பாடு’ என்பர். ஒருவரின் பிழைப்பையும் துன்பத்தையும்கூட அதே சொல் குறிக்கும். பழவேற்காட்டில் இச்சொல், வலை கட்டும் இடத்தையும் அந்த இடத்தில் வலை கட்டும் முறையையும் சேர்த்துக் குறிக்கிறது. கொச்சிக் காயலிலும் கழிகளை நட்டுக் கட்டும் வலைகளுக்கான முறை ‘பாடு’ என்றே வழங்கப்படுவது, இந்த ஏற்பாடு ஓர் ஊரின் தனிப்பட்ட கண்டுபிடிப்பு அன்று, தென்னிந்தியக் கழிமுகங்களில் பரவியிருந்த ஒரு சிந்தனை என்பதைக் காட்டுகிறது. பழவேற்காட்டுப் பாடு முறையை விரிவாக ஆராய்ந்த செபாஸ்டியன் மேத்யூவின் அறிக்கையை ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு 1991-இல் வெளியிட்டது. அதன்பின் உலகெங்கும் மீன்வள ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டும் முறைகளுள் ஒன்றாக இது ஆனது.

இந்த முறை ஏன் தேவைப்பட்டது என்பதை இறாலின் போக்கே விளக்கிவிடும். வளர்ந்த இறால் கூட்டமாகக் கடலுக்குத் திரும்புவது பெரும்பாலும் இரவில், நீர் வற்றும் நேரத்தில், முகத்துவாரத்தை ஒட்டிய சில ஓட்டங்களின் வழியாக. அந்த ஓட்டங்களில் கழிகளை நட்டுச் சுத்து வலையைக் கட்டுபவருக்கு ஓரிரவில் கிடைப்பது, ஏரியின் உட்பகுதியில் வலை வீசுபவருக்குப் பல நாள் உழைத்தாலும் கிடைக்காது. மேலும், நல்ல இடத்தில் ஒருவர் வலை கட்டிவிட்டால், அதே ஓட்டத்தில் அவருக்குப் பின்னால் கட்டுபவருக்கு மிஞ்சுவது சொற்பமே. இடம் குறைவாகவும் ஆள் அதிகமாகவும் இருக்கும் இத்தகைய நிலையில், வலியவர் முந்திக்கொள்வதைத் தடுக்க, பட்டினவர் என்னும் மீனவச் சாதியினரின் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் பாடுகளைத் தமக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொண்டன. ஊர்களுக்கிடையே நாள்முறை சுழலும். ஊருக்குள் எந்தத் தலைக்கட்டு எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கல் முடிவுசெய்யும். தலைக்கட்டு என்பது ஊர்ப் பஞ்சாயத்துக்கு வரி கொடுத்து, ஊர்க் கட்டுக்கு அடங்கி நடக்கும் மணமான ஆண் ஒருவரின் தலைமையிலான குடும்பக் கணக்கு. அந்தக் கணக்கில் பெயர் ஏறியவருக்கே சீட்டில் பெயர் உண்டு.

இவ்வேற்பாட்டின் இயல்பைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம். பாடு முறை இறாலைக் காக்கும் நோக்கத்துடன் தொடங்கியதாகக் கொள்வதைவிட, சண்டையைத் தவிர்க்கும் நோக்கத்துடன் தொடங்கியதாகக் கொள்வதே பொருந்தும். பாதுகாப்பு அதன் உடன்விளைவாகக் கிடைத்தது. எத்தனை வலை, எந்த வகை வலை, எந்த இடம், எந்த இரவு என்பவை வரையறுக்கப்பட்டபோது, மிஞ்சிய இறால் கடலுக்குத் தப்பிச் செல்வதற்கான இடைவெளியும் தானாகவே உண்டானது. பொதுவளம் யாருடைய கட்டுக்குள்ளும் இல்லாமல் அழிந்தே தீரும் என்று 1968-இல் காரெட் ஹார்டின் முன்வைத்த வாதத்தை மறுத்து, பொதுவளத்தை அதன் பயனாளிகளே விதி வகுத்துக் காக்க முடியும் என்று 1990-இல் எழுதிய எலினார் ஆஸ்ட்ரம், அதற்குச் சான்றாகத் துருக்கியின் அலான்யா மீனவர்கள் ஆண்டுதோறும் செப்டம்பரில் சீட்டுப் போட்டு மீன்பிடி இடங்களைப் பிரித்துக்கொண்டு, நாள்தோறும் ஓரிடம் நகர்ந்து வலை கட்டுவதை விவரித்தார். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை அவருக்குப் பெற்றுத்தந்த அந்தச் சிந்தனையின் உயிருள்ள உதாரணம் ஒன்று, சென்னையிலிருந்து வடக்கே சில மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறது.

வலையில்லாத மீனவர்

ஆனால் அதே நீரில், எந்தச் சீட்டிலும் பெயர் இல்லாத மீனவரும் உண்டு. வில்லியர் என்றும் வழங்கப்படும் இருளர் பழங்குடியினர் வலையும் படகும் இல்லாமல் கையாலேயே இறால் பிடிப்பவர்கள். பகலில் இறால் சேற்றில் உடலைப் புதைத்துக்கொண்டு கிடக்கும் இயல்பு உடையது. இருளர் ஆண்களும் பெண்களும் ஆழம் குறைந்த நீரில் மண்டியிட்டும் குனிந்தும் தவழ்ந்தும் நகர்ந்து, இரு கைகளாலும் அடிச்சேற்றைத் துழாவி, விரலில் தட்டுப்படும் இறாலை அது துள்ளித் தப்புவதற்குள் பற்றி எடுக்கிறார்கள். இரண்டு கைகளும் நீருக்கடியில் இருப்பதால், பிடித்ததைப் போட்டுவைக்கும் பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்கிறார்கள். மணிக்கணக்கில் உப்புநீரில் ஊறிய விரல்களில் இறாலின் கொம்பும் சிப்பியின் விளிம்பும் கெளிற்றின் முள்ளும் கீறிய காயங்கள் ஆறாமல் இருப்பதே இத்தொழிலின் அடையாளம்.

பாதுகாப்பு என்னும் அளவுகோலால் பார்த்தால், இதைவிட மென்மையான மீன்பிடி முறையைக் காண்பது அரிது. கை, வலையைப் போல வகைதொகையின்றி வாரி எடுப்பதில்லை, சிறு குஞ்சை உணர்ந்தவுடன் விட்டுவிட அதற்கு முடியும், எரிபொருள் வேண்டாம், நைலான் கழிவு மிஞ்சாது. அவர்கள் துழாவும் சேற்றின் தன்மை, எந்தத் திட்டில் எந்த மாதத்தில் இறால் தங்கும், எந்த இடத்தில் நீர் நாறத் தொடங்கியிருக்கிறது என்பவற்றை ஆய்வுக்கூடக் கருவிகளுக்கு முன்னரே அறிந்துவிடும் அறிவு அந்த விரல்களில் இருக்கிறது. ஆயினும், படகு இல்லாததால் மீனவர் என்ற கணக்கிலும், காட்டில் வாழாததால் பழங்குடி என்ற பொதுக் கற்பனையிலும் அவர்கள் இடம்பெறாமல் போகிறார்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு இனங்களுள் இருளரும் ஒன்று என்பது ஆவணங்களில் இருக்கிறது. நீரில் அவர்களுக்கு உள்ள பங்கு எந்த ஆவணத்திலும் இல்லை.

இதன் பின்னுள்ள வரலாறு கசப்பானது. பாம்பு பிடித்தும், எலி பிடித்தும், தேனும் மூலிகையும் சேகரித்தும் வாழ்ந்த இருளரின் பாம்பு பிடிக்கும் தொழிலை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தின் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நஞ்செடுப்புத் தொழிலின் வழியே ஒரு சிறு பகுதியினருக்கு மாற்று வழி காட்டியது. திருவள்ளூர் மாவட்டத்து இருளருள் பலர் முன்பணக் கடனில் சிக்கி அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து, அதிகாரிகளால் மீட்கப்பட்டது பலமுறை நிகழ்ந்திருக்கிறது. மீட்கப்பட்டவரும் சூளைக்குத் திரும்பாமல் இருக்க வேண்டுமானால் அவருக்கு ஏதேனும் ஒரு பிழைப்பு வேண்டும். கழியோரத்து இருளருக்கு அந்தப் பிழைப்பு இறால்தான். அந்த இறால் இருக்கும் நீரின் ஒரு பகுதியோ, அவர்களின் பழைய தொழிலை நிறுத்திய அதே 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சரணாலயமாகவும், மற்றொரு பகுதி பாடு முறைக்கு உட்பட்ட களமாகவும் இருக்கிறது.

வாய் அடைபட்டால்

பட்டினவரையும் இருளரையும் ஒருசேரப் பாதிக்கும் ஆபத்துகள் முகத்துவாரத்தின் வழியாகவே வருகின்றன. மழை பொய்த்த ஆண்டுகளில் ஆரணி ஆற்றின் நீர்வேகம் குறைந்து, கடல் கொண்டுவந்து குவிக்கும் மணலைத் தள்ள முடியாமல் வாய் தூர்ந்துவிடுகிறது. வாய் தூர்ந்தால் குஞ்சு உள்ளே வராது, வளர்ந்தது வெளியே போகாது, கோடையில் ஏரிநீர் கடலைவிட உப்பு மிகுந்துவிடும். அப்போதெல்லாம் மீனவர்களே கூடி மணலை வெட்டி வாயைத் திறந்துவிடுவதும் உண்டு. வாய் நிலையாகத் திறந்திருக்க வேண்டும் என்னும் நெடுநாள் கோரிக்கையை ஏற்று, சுமார் 27 கோடி ரூபாய் மதிப்பில் நேர்கல் சுவர்கள் அமைக்கும் பணியைத் தமிழ்நாடு அரசு மேற்கொண்டது. சிலிக்கா ஏரியில் 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய வாய் வெட்டப்பட்ட பின்னர் மீன்வரத்து பல மடங்கு பெருகியது என்ற அனுபவம் இத்தகைய முயற்சிக்கு நம்பிக்கை தருகிறது. எனினும், கல்லால் கட்டிய வாயைவிட, அந்த வாய்க்குத் தெற்கே கரையோரத்தில் நிகழும் மாற்றங்களே ஏரியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கக்கூடியவை.

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் அலைகள் மணலை ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. குறுக்கே ஓர் அலைதடுப்புச் சுவர் எழுந்தால் அதன் தெற்கில் மணல் சேர்ந்து, வடக்கில் கரை அரிக்கப்படும். எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் அமைந்த பின்னர், அவற்றுக்கு வடக்கே பழவேற்காடு வரையிலான கரையைப் பற்றிய அச்சம் இந்த இயற்பியலிலிருந்தே பிறக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கருக்கு விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது மீனவ ஊர்கள் எதிர்த்து எழுந்ததற்கும், அதற்காக அறிவிக்கப்பட்ட பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் 2021-இலும் 2023-இலும் நடைபெறாமல் போனதற்கும் பின்னணி இதுவே. கடலையும் ஏரியையும் பிரிக்கும் மணல் திட்டு கரைந்தால், ஒரு வாய் இருந்த இடத்தில் பல வாய்கள் தோன்றி, ஏரி என்ற அமைப்பே கடலோடு கலந்துவிடக்கூடும்; அப்போது முறை வைக்கப் பாடும் இராது, துழாவச் சேறும் இராது.

உள்ளூர் மக்களின் எதிர்ப்பு வீண்போவதில்லை என்பதற்கு இவ்வேரியின் அண்மை வரலாற்றிலேயே சான்று உண்டு. 1970-களுக்குப் பின் இறால் ஏற்றுமதிப் பண்டமாக மாறி, 1990-களில் கடலோர விளைநிலங்கள் இறால் பண்ணைகளாக மாற்றப்பட்டபோது, சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் அளித்த தீர்ப்பு, பழவேற்காடு, சிலிக்கா ஆகிய இரு ஏரிகளிலிருந்தும் ஆயிரம் மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் அமைக்கக் கூடாது என்று பெயர் குறிப்பிட்டே தடைவிதித்தது. வெளியிலிருந்து வரும் ஆபத்தை இணைந்து எதிர்க்கும் மரபு இங்கே இருக்கிறது. உள்ளே இருக்கும் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யும் மரபுதான் இன்னும் உருவாகவில்லை.

சால்மன் சொல்லும் பாடம்

பழங்குடிகளும் பிறரும் கூடி மீனைக் காத்ததற்கு உலகம் பெரிதும் எடுத்துக்காட்டுவது, வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் சால்மன் மீனுக்காக நிகழ்ந்ததை. நம் சந்தைகளில் காலா மீன் ‘இந்தியன் சால்மன்’ என்ற பெயரில் விற்கப்பட்டாலும், அதற்கும் உண்மையான சால்மனுக்கும் உறவில்லை. சால்மன், இறாலுக்கு நேர்மாறாக, ஆற்றில் பிறந்து கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஆற்றுக்கே எதிர்நீச்சலிட்டுத் திரும்பும் மீன். தமிழகத்தில் அதற்கு ஒப்பாகச் சொல்லத்தக்கது, கடலிலிருந்து காவிரிக்குள் ஏறிவந்த உல்லம், அதாவது வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடும் மீன். கொள்ளிடத்தின் கீழணையும், 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையும் அதன் வழியை மறித்த பின்னர் அந்த வரத்து நின்றது. வழி அடைபடுவதால் ஒரு மீனினம் ஓர் ஆற்றிலிருந்தே மறைந்துபோவதைத் தமிழர் தம் கண்முன்னே கண்டும், அதற்காகப் பெரிதாக எவரும் குரல் எழுப்பியதாக நினைவில் நிற்கவில்லை.

வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது வேறு. அங்குள்ள பழங்குடிகள் 1854, 1855 ஆண்டுகளில் தம் நிலங்களை விட்டுக்கொடுத்துச் செய்த ஒப்பந்தங்களில், வழக்கமான இடங்களில் மற்றக் குடிமக்களோடு பொதுவாக மீன்பிடிக்கும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். ஆனால் மாநில அரசோ, நூறாண்டுகளுக்குப் பின்னர், அந்த உரிமையைப் பயன்படுத்தியவர்களை மீன்வளப் பாதுகாப்பின் பெயராலேயே கைதுசெய்தது. நிஸ்குவாலி பழங்குடியைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் 14 வயதில் முதன்முறை கைதாகி, ஐம்பது முறைக்கும் மேல் கைதானவர். 1974-இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி ஒப்பந்தப் பழங்குடிகளுக்கு உரியது என்றும், மீன்வள நிர்வாகத்தில் அவர்களுக்கும் மாநிலத்துக்கு நிகரான பங்கு உண்டு என்றும் தீர்ப்பளித்தார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1979-இல் அதன் சாரத்தை உறுதிசெய்தது. பிற மீனவர்கள் கொதித்தெழுந்து, நீதிபதியின் கொடும்பாவியையே கட்டினார்கள். கூட்டு நிர்வாகம் என்று இன்று புகழப்படுவது, அந்தக் கொதிப்பு அடங்கி, பாதிப் பங்கு இனி மாறாது என்பதை இரு தரப்பும் ஏற்ற பின்னரே மெல்ல உருவானது. மீனில் பங்கு உறுதியான பின்னர் பழங்குடிகளின் அக்கறை வலையோடு நிற்காமல் ஆற்றின் நலம் வரை விரிந்தது. எல்வா ஆற்றின் இரு அணைகள் 2011-க்கும் 2014-க்கும் இடையிலும், அம்மாநிலத்துக்குத் தெற்கே உள்ள கிளமாத் ஆற்றின் நான்கு அணைகள் 2024-க்குள்ளும் அகற்றப்பட்டதில் அந்தந்த ஆற்றுப் பழங்குடிகளின் பல்லாண்டுப் போராட்டம் முன்னின்றது. கிளமாத்தில் கடைசி அணை நீங்கிய அதே ஆண்டு அக்டோபரில், நூறாண்டுக்கும் மேலாக எட்ட முடியாதிருந்த மேற்பகுதிக்குச் சால்மன்கள் வந்து சேர்ந்தன.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. வாஷிங்டன் மாநிலத்தின் பூஜெட் சவுண்ட் வட்டாரத்துச் சினூக் சால்மன் 1999 முதல் அழியும் அபாயமுள்ள உயிர்களின் பட்டியலில்தான் இருந்துவருகிறது. உரிமை கிடைத்ததாலேயே மீன் பெருகிவிடாது. ஆயினும், அங்கே நிகழ்ந்தவற்றின் வரிசை கவனிக்கத்தக்கது: பங்கு முதலில் வந்தது, பகை இடையில் வந்தது, ஒத்துழைப்பு கடைசியில் வந்தது. இந்தியாவில் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, பங்கு பற்றிய பேச்சை ஒத்திவைத்துவிட்டு, பயிலரங்குகளிலும் விழிப்புணர்வுப் பேரணிகளிலும் ஒத்துழைப்பை முதலில் கோருவதே வழக்கமாகிவிட்டது.

இரு தரப்பு அச்சங்கள்

பாடு முறையில் இருளருக்கு இடம் கேட்பது எளிதாகத் தோன்றினாலும், அதற்கு எழக்கூடிய மறுப்புகள் நியாயமற்றவை எனத் தள்ளிவிட முடியாதவை. தலைக்கட்டுகள் பெருகப் பெருக, ஒருவருக்கு முறை வரும் நாள்களின் இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. ஏரி மேடிட்டு, பல இடங்களில் ஒரு மீட்டர் ஆழம்கூட இல்லாத நிலையில், மீன்பாடு சுருங்கி வருகிறது. கடலுக்குப் போகலாம் என்றால் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாள்களில் அதற்கும் தடை. பட்டினவர் அல்லாத ஊர்களும் பாடு முறைக் களத்தில் உரிமை கேட்டுப் பூசல்கள் எழுந்த அனுபவமும் உண்டு. இந்நிலையில் மேலும் ஒரு சமூகத்தைச் சேர்ப்பது, ஏற்கெனவே மெலிந்த பங்கை மேலும் மெலியச் செய்யும் என்ற பட்டினவரின் அச்சம், வயிற்றிலிருந்து எழும் அச்சம்.

மறுபுறம், பாடு முறை சாதி அடிப்படையில் அமைந்தது, பெண்களுக்குத் தனிப் பெயர் இல்லாதது, ஆகவே அரசியலமைப்புக்கு ஒவ்வாதது, எனவே அதைக் கலைத்துவிட்டு ஏரியை அனைவருக்கும் திறந்துவிட வேண்டும் என்ற வாதமும் உண்டு. சமத்துவத்தின் பெயரால் சொல்லப்படும் இவ்வாதம், நடைமுறையில் சமத்துவத்துக்கே கேடாக முடியும். முறை இல்லாத நீரில் நல்ல இடம் பெரிய வலையும் முதலீடும் ஆள்பலமும் உள்ளவருக்கே போகும், வெறுங்கையோடு இறங்கும் இருளர் முதலில் துரத்தப்படுவார்கள். முறையை அப்படியே அரசு அங்கீகரித்தால் சாதி எல்லைக்குச் சட்ட முத்திரை கிடைத்துவிடும். முறையை ஒழித்தால் வலியவனின் கை ஓங்கும். இவ்விரண்டுக்கும் நடுவே, முறையைக் காப்பாற்றிக்கொண்டே அதன் எல்லையை விரிக்கும் வழி ஒன்றுதான் எஞ்சுகிறது. வழக்காறு சட்டமாவது புதிதும் அன்று: இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில், கழி நட்டு வலை கட்டும் மீனவர் சங்கங்கள் சீட்டுப் போட்டு இடம் பிரித்துக்கொள்ளும் நெடுநாள் வழக்கத்தை அந்நாட்டு அரசு 1958-இலேயே விதிகளாக வெளியிட்டது.

சட்டத்தில் உள்ள கதவு

அந்த வழிக்கான சட்டக் கதவு ஏற்கெனவே இருக்கிறது. இதுவரை அதைத் தட்டுவோர்தான் குறைவு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், வனநிலம் என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் சரணாலயங்களையும் சேர்த்திருக்கிறது. அதன் மூன்றாம் பிரிவு, மீன் உள்ளிட்ட நீர்நிலை விளைபொருள்களின் மீதான சமூக உரிமையை வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. 1980-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பழவேற்காட்டு நீர்ப்பரப்பு இந்த விளக்கத்துக்குள் வரும் என்று வாதிடுவதற்கு வலுவான இடம் உண்டு. அச்சட்டத்தின்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்னரே அங்கு வாழ்ந்து அந்த வளத்தைச் சார்ந்து பிழைத்துவந்த பட்டியல் பழங்குடியினர் உரிமை கோரலாம். பழங்குடி அல்லாதவர்கள், அந்நாளுக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அவ்வாறு சார்ந்து வாழ்ந்ததை நிறுவினால் அவர்களும் கோரலாம். டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி எழுப்பிய பழந்துறைமுக நகரை அண்டி வாழும் மீனவ ஊர்களுக்கு 75 ஆண்டுகளை நிறுவுவது கடினமாக இராது. ஆகவே இருளரும் பட்டினவரும் ஒரே சட்டத்தின் இரு வாசல்கள் வழியே, ஒரே கிராம சபையின் முன், ஒரே நீருக்கான கூட்டு உரிமையைக் கோரும் வாய்ப்பு இருக்கிறது. அந்த உரிமையோடு, வளத்தைக் காக்கும் அதிகாரமும் பொறுப்பும் சேர்ந்தே வருகின்றன என்பதே இச்சட்டத்தின் சிறப்பு.

உரிமை கோரலுக்கு முன்போ, அதனுடன் கூடவோ, ஊர்களுக்கிடையே எட்டப்பட வேண்டிய உடன்பாடு பெரிய தியாகம் எதையும் கேட்பதன்று. சுத்து வலைக்கு வேண்டியது இரவும் ஓட்டமும். கைக்கு வேண்டியது பகலும் ஆழம் குறைந்த சேறும். நேரத்தாலும் இடத்தாலும் பெரும்பாலும் விலகியே நிற்கும் இவ்விரு தொழில்களுக்கிடையே, இருளர் கையால் பிடிப்பதற்கென்று சில திட்டுகளையும் அவற்றில் வலை விழாத நேரத்தையும் பாடு முறையின் ஒரு பகுதியாகவே ஒதுக்கிவைப்பது, பட்டினவரின் முறைநாள்களைப் பெரிதாகக் குறைக்காது. அவ்வாறு ஒதுக்கப்படும் இடத்துக்கான உரிமை இருளர் குடும்பத் தலைவரின் பெயரில் மட்டும் அமையாமல், நீரில் இறங்கி உழைக்கும் பெண்ணின் பெயரிலும் அமைவது, பாடு முறை தன் பழைய குறையைத் தானே திருத்திக்கொள்ளும் தொடக்கமாக இருக்கும். முகத்துவாரத்தின் ஆழமும் அகலமும் ஆற்றுநீர் வரத்தும் பற்றி முடிவெடுக்கும் எந்தக் குழுவிலும் பொறியாளரோடும் வனத்துறையினரோடும் இவ்விரு சமூகத்தாரும் ஆந்திரப் பக்கத்து மீனவரும் உறுப்பினராக அமர வேண்டும். ஏரியை மாநில எல்லை பிரித்தாலும், வாய் அடைபடும்போது உப்பேறும் நீரை அது பிரிப்பதில்லை.

சிறு அளவிலான மீன்பிடித் தொழிலைக் காப்பதற்கென உலக நாடுகள் 2014-இல் ஏற்றுக்கொண்ட தன்னார்வ வழிகாட்டு நெறிகள், மீனவர்களின் வழக்காற்று உரிமையை மதிக்கவும், அவர்களுள்ளும் நலிந்தோரையும் பழங்குடிகளையும் பெண்களையும் முன்னிறுத்தவும் அரசுகளைக் கேட்டுக்கொள்கின்றன. அந்நெறிகள், சென்னையில் இயங்கும் மீன்பிடித் தொழிலாளர் ஆதரவு அமைப்பொன்றின் செயலாளராக இருந்து, அவ்வாண்டு மார்ச்சில் காணாமற்போன மலேசிய விமானத்தில் பயணம் செய்த சந்திரிகா சர்மாவின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டவை. சென்னையில் இருந்த ஒருவரின் உழைப்பு கலந்த அந்த நெறிகள், சென்னைக்கு வடக்கே உள்ள அடுத்த ஏரியில் இன்னும் செயலுக்கு வராமல் இருப்பது பொருந்தாத ஒன்று.

பாடு முறையின் அழகு, சீட்டு எவர் முகத்தையும் பார்க்காமல் விழுவதில் இருக்கிறது. நல்ல இடம் இன்று ஒருவருக்கு வாய்த்தால் நாளை மற்றொருவருக்கு வாய்க்கும் என்ற நம்பிக்கையே அந்த ஊர்களைத் தலைமுறைகளாகச் சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறது. ஆனால், எழுதிப் போட்ட பெயர்களுக்குள்தான் சீட்டு நடுநிலை காட்ட முடியும். எழுதப்படாத பெயருக்கு எத்தனை முறை குலுக்கினாலும் முறை வராது. ஆகையால் பழவேற்காட்டில் பழங்குடிகளும் மீனவர்களும் கூடி ஏரியைக் காப்பது பற்றிய பேச்சு, குலுக்கலுக்கு முன்னர் பெயர் எழுதும் அந்த வேளையிலிருந்து தொடங்கியாக வேண்டும்.